வலியின் வாயில்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தோல் பதனிடும் தொழிலில் நம்மவர் பட்ட பாட்டை ஈரோட்டு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் உழைத்த கைகளில் விரலிடுக்குகள் வெடித்திருக்கும். அடுத்து, குரோமியம் ஏற்றுவதற்கு முன், உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் தோலை ஊறவைக்கும் வேலை வரும். அந்நீர் வெடிப்பில் பட்டதும் உயிர் போகும் எரிச்சல் எழும். "கை பழகிவிட்டால் வலிக்காது" என்றனர் வேலை வாங்கியோர். நம்மவரும் அதை நம்பினர். கை பழகுமா? அறிவியல் தரும் விடையைக் காண்போம்.

நம் புலன் நரம்புகளின் முனைகளில், மூன்று புரதக் கூறுகள் இணைந்தமைந்த நுண்ணிய வாயில்கள் உள்ளன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் பற்றியதும் அவை திறக்கின்றன; சோடியம் அயனிகள் உட்பாய்கின்றன; மின்துடிப்பு எழுந்து, தண்டுவடம் வழியே மூளையை அடைகிறது. அதனையே வலியென உணர்கிறோம். இம்மின்னோட்டத்தைக் கிரிஷ்டாலும் பிடோப்ளிச்கோவும் 1980-இல் கீவ் நகரில் கண்டனர். 1997-இல் பிரான்சில் லாஸ்துன்ஸ்கி குழுவினர் அவ்வாயிற் புரதத்தையே இனங்கண்டனர். குருதியின் இயல்பான பி.எச். அளவு ஏறத்தாழ 7.4. அது 7 ஆகக் குறைந்தாலே ஒருவகை வாயில் திறக்கத் தொடங்கும். கடும் அமிலத்திற்கும், வெப்பத்திற்கும், மிளகாயின் காரத்திற்கும் திறக்கும் வேறொரு வாயிலும் உண்டு. அதனைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்.

புண்பட்டு அழலுற்ற இடத்தின் நரம்புகளில் அமில வாயிற் புரதங்கள் மிகுதியாக உருவாவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, ஆறாத புண்ணில் அமிலம் படப்பட வலி மிகுமேயன்றிப் பழகாது. நம் முன்னோர் பழகியது வலிக்கன்று, வாய் திறவாமைக்கே!

இளைஞர்களே, கையுறையும் காலுறையும் கேட்பது சலுகையன்று, உரிமை. அமிலம் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். இதயத் தசைக்குக் குருதி குறையும்போது அங்கும் அமிலம் சேர்கிறது. நெஞ்சுவலியில் இவ்வாயில்களுக்குப் பங்குண்டு என ஆய்வுகள் கருதுகின்றன. எனவே பெற்றோரின் நெஞ்சுவலியை "வாயு" என்று தள்ளிவிடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கறுப்பு மாம்பா என்னும் ஆப்பிரிக்கப் பாம்பின் நஞ்சில் இவ்வாயிலை அடைக்கும் பொருள் இருப்பது 2012-இல் தெரியவந்தது. அதிலிருந்து மனிதர்க்கு மருந்து காணும் பணி எஞ்சியுள்ளது. வலியைச் சுமந்தவரின் பிள்ளைகள் அவ்வாய்வுக் கூடங்களுக்குள் நுழைய வேண்டும். அதற்காகவே இக்கழகம் விளக்கேற்றியது.