பின்சக்கரத்துக்கு எந்த டயர்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பதினைந்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். எனக்குத் தெரிந்தது டயர் ஒன்றுதான். அதனால் "ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றுவது பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வெண்ணந்தூர்ல யாருங்க ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதாங்க. எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்கும், ஸ்போர்ட்ஸ் கார் சத்தம் கேட்காது. ஆனால் ஒரே ஒரு முறை அப்படி ஒரு கார் வெண்ணந்தூருக்குப் புறப்பட்டு வந்தது. வந்து சேரவில்லை. அதற்குக் காரணம் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் அப்பா லாரி டிரைவர். பிறகு கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு லாரி எடுத்தார். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. நாமக்கல் லாரியும் திருச்செங்கோடு ரிக் வண்டியும் போகாத மாநிலம் கிடையாது. பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு போவேன். வண்டி எங்கே நின்றாலும் கிளீனர் இறங்கி இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே காற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அப்பா ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்: "முன்னாடி எப்பவும் புது டயர். பின்னாடி ரீட்ரேட் போட்டுக்கலாம். இதை மட்டும் மறந்துடாதடா."

நான் மறக்கவில்லை. படிப்பு முடிந்ததும் லாரி டயர் ரீட்ரேட் செய்யும் தொழிலுக்கே போனேன். தேய்ந்த டயரின் மேல்பகுதியைச் சுரண்டி, புது ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேகவைத்து எடுக்கிற வேலை. இதைச் சின்னத் தொழில் என்று நினைக்காதீர்கள். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் மெட்ராஸ் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத்தான் ஆரம்பித்தது. 1952-ல் ரீட்ரேட் ரப்பர் தயாரிப்பில் இறங்கிய பிறகுதான் அது வளர்ந்து, 1961-ல் டயர் கம்பெனி ஆனது. ஆக, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் லாரி டயரோடு வாழ்ந்தவன் நான். டயர் என்றால் எல்லாம் தெரியும் என்று ஊர் நினைத்தது. நானும் நினைத்துக்கொண்டேன்.

2022-ஆம் வருஷம். என்னோடு படித்த நண்பன் ஒருவன் பெங்களூரில் நல்ல நிலைமையில் இருக்கிறான். சின்ன வயசு ஆசை, பழைய போர்ஷே கார் ஒன்றை வாங்கினான். இரண்டே சீட். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும், ஓட்டுவது பின்சக்கரம். அந்தக் காரில் முன் டயரும் பின் டயரும் ஒரே அளவு கிடையாது. முன்னால் 205 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 255. அதனால் நம்ம வீட்டுக் காரில் செய்வது போல முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. பின்னால் இருப்பது சீக்கிரம் தேயும். தேய்ந்துவிட்டது.

போன் செய்தான். "மாப்ளே, முன்னாடி ரெண்டும் நல்லா இருக்கு. பின்னாடி ரெண்டு மாத்தணும். அந்த அளவு எங்கயும் கிடைக்க மாட்டேங்குது. ஒரு கடையில மட்டும் ரெண்டு இருக்கு, பாதி விலைக்குத் தர்றாங்க. போடலாமாடா?"

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு இந்த மாதிரி அபூர்வ அளவுகளைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. "அளவு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "இருக்கு" என்றான். "அப்ப என்னடா யோசனை? முன்னாடிதான் முக்கியம். பின்னாடி கிடைக்கறதைப் போடு" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், "டயர் போட்டாச்சு, ஊருக்குப் போற வழியில வந்து காட்டறேன்" என்று மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பிள்ளை ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சேலம் வரைக்கும் வெயில். மல்லூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எண்பது, எண்பத்தைந்தில்தான் வந்திருக்கிறான். ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் காரின் பின்பக்கம் அப்படியே வழுக்கி, வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, நடுத்தடுப்பில் இடித்து நின்றது. பின்னால் லாரி எதுவும் வராதது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். அவனுக்கு அடி இல்லை. பிள்ளைக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சையை அவள் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்துவிட்டு, கார் நின்ற இடத்துக்குப் போனேன். டார்ச் அடித்து அந்த டயரைப் பார்த்தேன். வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதை அப்போதுதான் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 1415. அதாவது 2015-ஆம் வருஷம் 14-வது வாரத்தில் செய்தது. ஏழு வருஷம் ஏதோ ஒரு குடோனில் கிடந்திருக்கிறது. நகத்தால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. இரண்டாவது, அது ரேஸ் டிராக்குக்காகச் செய்த வகை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் காய்ந்த தரையில் சூடேற்றி ஓட்டினால் பிசின் மாதிரிப் பிடிக்கும். ஆனால் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் அதில் மிகக் குறைவு.

மூன்றாவது தப்பு டயரில் இல்லை, என் மண்டையில். அப்பா ஏன் முன்னாடி புது டயர் என்றார்? லாரியில் முன்னால் பக்கத்துக்கு ஒரு டயர்தான். அது வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும். பின்னால் இரட்டை டயர். ஒன்று போனாலும் பக்கத்தில் இன்னொன்று தாங்கும். காரில் அந்த இரண்டாவது டயர் இல்லையே! காரில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சாதாரண ஆளால் சமாளிக்க முடியாது. அதனால்தான் காருக்கு இரண்டு டயர் மட்டும் புதுசு வாங்கினால், முன்னும் பின்னும் ஒரே அளவாக இருந்தால் அதைப் பின்னால் போடச் சொல்கிறார்கள். அப்பா சொன்னது சரிதான். காரணத்தைக் கேட்காமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் நான்.

அதன் பிறகு நானும் அவனும் உட்கார்ந்து, படித்துப் பார்த்து, நான்கு டயரும் புதுசாகத் தேர்ந்தெடுத்தோம். அதை வரிசையாகச் சொல்கிறேன். பைக் வைத்திருக்கும் மாணவர்களும் கேளுங்கள், பாதிக்கு மேல் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் அளவு. 255/40 இசட்ஆர் 17 என்றால், அகலம் 255 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 102 மில்லிமீட்டர், ரேடியல் டயர், ரிம் 17 அங்குலம். கார் கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பதே சரி. அழகுக்காக இன்னும் அகலமாகப் போட வேண்டாம். டயர் அகலமாக ஆக, தண்ணீர்மேல் ஏறி மிதப்பதும் சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது, அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணும் எழுத்தும். 94 ஒய் என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை தாக்குப்பிடிக்கும். ஹெச் 210, வி 240, டபிள்யூ 270. "நம்ம ரோட்டில் முந்நூறு எதுக்கு?" என்று கேட்கலாம். அந்த எழுத்து நாம் போக வேண்டிய வேகம் இல்லை. டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதன் அடையாளம். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கும்போது அதன் அருமை தெரியும். கம்பெனி சொன்னதற்குக் கீழே போகவே கூடாது.

மூன்றாவது, வகை. பனிக்கால டயர் நமக்கு வேண்டாம். டிராக் டயர் ரோட்டுக்கு வேண்டாம். சாலைக்கென்று செய்த கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர்தான் நமக்குத் தோது. அதிலும் ஈரப்பிடி நன்றாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2012 முதல் ஈரத்தில் நிற்கும் திறனுக்கு எழுத்துத் தரம் கொடுக்கிறார்கள். ஏ என்றால் மேல். நாங்கள் அதைப் பார்த்துத்தான் வாங்கினோம். டயரில் தேய்மானத்துக்கும் ஓர் எண் இருக்கும். எண் சிறிதானால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், சீக்கிரம் தேயும். அதிக பிடிப்பும் அதிக உழைப்பும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது.

நான்காவது, வயசு. அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படங்களில் நடித்த பால் வாக்கர் 2013 நவம்பரில் அமெரிக்காவில் கார் விபத்தில் இறந்தார். நண்பர் ஓட்டிய போர்ஷே கார். விபத்துக்கு முதல் காரணம் அளவு மீறிய வேகம்தான். ஆனால் அந்தக் காரின் டயர்கள் ஒன்பது வருஷம் பழையவை என்பதும் போலீஸ் விசாரணையில் வெளிவந்தது. கோடி ரூபாய் கார், பட்டன் தேயாத டயர், ஆனால் கிழட்டு ரப்பர்.

ஐந்தாவது, நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்கட்டும். போர்ஷே மாதிரி சில கம்பெனிகள் தங்கள் காருக்கென்று சோதித்துப் பார்த்த டயரில் தனிக் குறி போடச் சொல்கின்றன. போர்ஷேவுக்கு 'என்' என்ற எழுத்து. கிடைத்தால் அதை வாங்குவது உத்தமம். மாட்டிய பிறகு அலைன்மென்ட் பாருங்கள், டயர் சூடாகும் முன் காற்றுப் பாருங்கள், முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால் சட்டப்படி டயர் முடிந்தது. மழைக்கு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

"பெரிய கம்பெனி டயர் போட்டால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ், ஃபார்முலா ஒன் பந்தயம். நம்ம கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்கு ஓட்டினார். மொத்தம் 20 கார். அதில் 14 கார்களுக்கு மிஷ்லின் டயர், 6 கார்களுக்கு பிரிட்ஜ்ஸ்டோன். மிஷ்லின் உலகத்துக்கே ரேடியல் டயர் கொடுத்த கம்பெனி. ஆனால் அந்த டிராக்கின் சரிவான 13-வது வளைவில் அவர்கள் கொண்டுவந்த டயர் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் பின் டயர் போய்க் கார் சுவரில் மோதியது. அந்த வருஷம் பந்தயத்துக்கு நடுவில் டயர் மாற்றவும் விதி இடம் தரவில்லை. கடைசியில் 14 கார்களும் ஒரு சுற்று வந்துவிட்டு, பந்தயம் தொடங்கும் முன்பே உள்ளே போய்விட்டன. மீதி ஆறு கார்தான் ஓடின. கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். மிஷ்லின் மோசமான டயரா? இல்லை. அந்த வளைவுக்கு ஆகாத டயர். "இது நல்ல டயரா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இந்த வண்டிக்கு, இந்த ரோட்டுக்கு, இந்த மழைக்கு நல்லதா" என்று கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக ஒன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். அன்றைக்கு நான், "டேய், எனக்கு லாரி டயர்தான் தெரியும், கார் டயர் தெரிஞ்ச ஆளைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால் போதும். இரண்டு நிமிஷ வேலை. பேர் கெட்டுவிடுமே என்று சொல்லவில்லை.

என் நண்பன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைக்குக் கை குணமாகி, பொதுத்தேர்வை அவள் கையாலேயே எழுதினாள். போன தீபாவளிக்கு அதே காரில் இரண்டு பேரும் வெண்ணந்தூர் வந்தார்கள். வாசலில் கார் நின்றதும் பிள்ளை இறங்கி, "அங்கிள், 2023-ல செஞ்ச டயர், நானே பார்த்துட்டேன்" என்றாள். அட்டையாம்பட்டி கைமுறுக்குத் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, நானும் ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மாணவர்களே, கூட்டம் முடிந்து வெளியே போனதும் உங்கள் பைக் டயரின் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள்.