பார்க்காமல் மார்க் போடாதீர்கள்

(நம் சங்கத்தின் குடியரசு தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன ஓரிரு விஷயங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



கொடியேற்றி முடித்து, வெண்பொங்கல் வாசனை வர ஆரம்பித்த பிறகு மைக்கைப் பிடிப்பவனை யாருக்கும் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

புதன், ஞாயிறு காலைகளில் நம் கேட்டுக்கு வெளியே இறாலும் நண்டும் வைத்துக்கொண்டு உட்காரும் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். பழவேற்காடு பக்கம் ஒரு குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறார். போன அக்டோபரில் ஒருநாள் கூடையை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "சார், நீங்க பேங்க்ல இருந்தவரு. நாலு சவரன் வெச்சா எவ்ளோ குடுப்பாங்க?"

எதற்கு என்று கேட்டேன். பேத்தி ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாளாம். வரும் ஜூனில் ஆறாவது. பொன்னேரியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றார். பீஸ் 28,000, வேனுக்கு 12,000. மூன்று வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், வட்டி தனி.

"ஊர்ப் பள்ளி நல்லா இல்லையா?" என்றேன்.

"நல்லா இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க சார். இங்க பில்டிங்லகூட, பேத்தி கவர்மென்ட் ஸ்கூல்னு சொன்னா, ஐயோ பாவம்னு சொல்றாங்க."

அந்த "ஐயோ பாவம்" சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இன்று பேச வந்தேன்.

ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். நான் அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தேன். ஜூன் மாதம் வந்தால் நகைக்கடன் கவுண்டரில் வரிசை வாசலைத் தாண்டும். ஒரு மீனவர் தம் மனைவியின் வளையலை வைக்கும்போது, "பையனை இங்கிலீஷ் மீடியத்துல போடுங்க, எதிர்காலம் நல்லா இருக்கும்" என்று நானாகவே சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. அவர் பையன் படித்த பள்ளியை நான் பார்த்ததும் இல்லை. அடுத்த வருடம் மீன்பாடு சரியில்லை. வட்டி நின்றது. ஒன்றரை வருடத்தில் பையன் குப்பத்துப் பள்ளிக்கே திரும்பிவிட்டான். வளையல் ஏலத்துக்குப் போனது. ஏல நோட்டீஸை டைப் அடித்தது நான்தான்.

ஆகவே இந்த முறை பார்க்காமல் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அந்த அம்மாவோடு, தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, நவம்பரில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் அந்தப் பள்ளிக்குப் போய்வந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்தக் கரையில் அதுபோல் பல பள்ளிகள் இருக்கின்றன.

முதலில் நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி: "பாஸ் பர்சென்ட் எவ்வளவு?" நடுநிலைப் பள்ளி என்பது எட்டாம் வகுப்பு வரைதான். அங்கே பொதுத்தேர்வு கிடையாது. நம் மாநிலத்தில் எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதும் இல்லை. எல்லாப் பள்ளியிலும் எல்லோரும் பாஸ். எனவே அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. வேறு கணக்குகளைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 6 முதல் 8 வரை வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது வேண்டும். அறிவியல்-கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று அமைய வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆண்டுக்கு 220 வேலை நாள். "எத்தனை டீச்சர்?" என்று கேட்பதைவிட, "ஏழாவதுக்குக் கணக்கு யார் எடுக்கிறார்? போன வாரம் அவர் எத்தனை நாள் வகுப்பில் இருந்தார்?" என்று கேளுங்கள். இந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இருக்கிறார், வகுப்பிலும் இருக்கிறார். சமூக அறிவியல் இடம் காலி. தலைமையாசிரியையே அதையும் எடுக்கிறார். இது குறைதான்.

இரண்டு, நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் அழகாக இருக்கும். நடுப்பக்கத்தைத் திறங்கள். நான்கைந்து பிள்ளைகளின் நோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே வரி, ஒரே எழுத்துப்பிழை என்றால் போர்டைப் பார்த்து எழுதியது. ஆளுக்கொரு தப்பும், அதற்கொரு திருத்தமும் இருந்தால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்த கணக்கு நோட்டுகளில் தப்புகள் வேறு வேறாக இருந்தன. திருத்தமும் இருந்தது.

மூன்று, வாசிப்பும் வகுத்தலும். பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 'அசர்' என்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான் சோதனை. 2022இல் நாடு முழுவதும் கிராமப்புற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 45 பேர்தான் அந்த வகுத்தலைச் சரியாகப் போட்டார்கள். அதில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம். பீஸ் கட்டினால் வகுத்தல் தானாக வந்துவிடாது.

தலைமையாசிரியை அனுமதித்ததால் இதையே நான் ஆறாம் வகுப்பில் செய்தேன். கெட்டிக்காரப் பிள்ளைகளை அவர்கள் தேர்ந்தெடுக்க விடவில்லை. ஆடிட்டர்கள் வவுச்சர் எடுப்பதுபோல், வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது பெயர், பத்தாவது பெயர் என்று ஐந்து பேரை எடுத்தேன். நான்கு பேர் தமிழைத் தடுமாறாமல் வாசித்தார்கள். மூன்று பேர் வகுத்தார்கள். ஆங்கிலப் பத்தியை ஒரு பெண் மட்டுமே வாசித்தாள். ஆங்கிலம் பலவீனம். தலைமையாசிரியையும் அதை மறைக்கவில்லை.

நான்கு, கழிப்பறையும் தண்ணீரும். ஏழாவது, எட்டாவது பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதற்கு இது ஒரு காரணம். கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இங்கே சாவி வகுப்பறைக் கதவருகில் ஆணியில் தொங்கியது. ஏரிக்கரையில் நிலத்தடி நீர் உப்பு என்பதால், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்.

ஐந்து, வருகை. இங்கேதான் நான் சறுக்கினேன்.

நவம்பரில் போனபோது ஏழாம் வகுப்பில் 23 பேரில் 12 பேர்தான் இருந்தார்கள். பாதி வகுப்பு காலி. என் குறிப்பேட்டில் "தரம் குறைவு" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சத்துணவுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். சாப்பிட்டவர் எண்ணிக்கை வருகையைத் தாண்டவில்லை. பொய்க்கணக்கு இல்லை. ஆனாலும் பாதிப் பேர் இல்லையே?

தலைமையாசிரியை மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். வராத 11 பேருக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தது. இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்று பேர் அம்மாவோடு இறால் பிடிக்கப் போயிருக்கிறார்கள். நான்கு பேர் வீட்டில் அன்று 'பாடு'. ஒருவன் எங்கே என்று தெரியவில்லை, மாலை வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது.

பாடு என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதில் நல்ல மீன்பிடி இடங்களை ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். காலங்காலமாக வரும் ஏற்பாடு. முறை வந்த நாளில் வலை போடாவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அன்று கைக்கு ஆள் குறைந்தால் பையன் படகில் ஏறிவிடுகிறான். மழைக்குப் பின் முகத்துவாரம் திறந்திருக்கும் காலம்தான் அவர்களுக்கு வரும்படி. முகத்துவாரத்தை மணல் மூடினால் அதுவும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். அப்படிப்பட்ட நாளில் வகுப்பு நிறைந்துவிடும் என்று சொல்லித் தலைமையாசிரியை சிரித்தார்.

பிள்ளைகள் வேலைக்குப் போவது சரி என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மையாரும் சொல்லவில்லை. மறுநாள் வருகிறவனை மாலை நான்கு மணிக்கு மேல் உட்கார வைத்து விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். டிசம்பரில் நான் சொல்லாமல் ஒரு மாலை அங்கே நின்றபோது ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்ட வரியை அடித்துவிட்டேன். நாற்பது பேர் வருகிற வகுப்பில் ஒருவன் எங்கே என்று தெரியாத பள்ளியையும் நான் பார்த்திருக்கிறேன். அதன் சுவர் பளபளவென்று இருந்தது.

இன்னொன்றும் அவர் சொன்னார். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதே பிள்ளை ஆறாவது வந்ததும் வெறும் வயிற்றோடு வருகிறது. காலை முதல் வகுப்பில் கணக்கு வைக்காமல் இடைவேளைக்குப் பின் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இது தோன்றியிருக்காது.

ஆறு, போன வருடம் எட்டாவது முடித்தவர்கள் எங்கே? இதைக் கேட்க மறக்காதீர்கள். பெயர் வாரியாகக் கேளுங்கள். இங்கே 19 பேர் முடித்தார்கள், 18 பேர் ஒன்பதாவது சேர்ந்திருக்கிறார்கள். அந்த ஒருவன் காசிமேட்டில் விசைப்படகில் இருக்கிறான். அவன் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறார்கள். மூன்றாவது முறை போகப் போகிறேன் என்றார் தலைமையாசிரியை.

ஏழாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதே சட்டப்படி இதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். எல்லாக் கூட்டத்திலும் ஒரே வாசகம், ஒரே பேனா என்றால் குழு காகிதத்தில் இருக்கிறது. இங்கே சமூக அறிவியல் ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போட்டு மனு அனுப்பியிருக்கிறார்கள். நம் மீன்காரம்மா அந்தக் கூட்டத்துக்கு ஒருநாளும் போனதில்லை. இப்போது போகிறார்.

சரி, நகையை வைக்கலாமா, வேண்டாமா? ஒரு கணக்கை அவரிடம் விளக்கினேன். ஆறாவது என்பது சாதாரண வகுப்பு இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அதே போல் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஏரியில் பிறந்த பெண்ணுக்கு அது தூரமில்லை. பீஸ் கட்டும் பள்ளிக்கு ஆறாவதில் மாற்றினால், பெரும்பாலும் இந்தக் கதவுகள் அன்றே மூடிவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. 25 சதவீத இலவச இடம் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். அது நுழைவு வகுப்புக்கு, ஆறாவதுக்கு அல்ல.

"நகையை வைக்காதீங்கம்மா. இந்தப் பள்ளியிலேயே இருக்கட்டும். இங்கிலீஷ் மட்டும் தனியா கவனிக்கணும்" என்று சொன்னேன். பேத்தி பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்ப கபடி டீம்ல இருக்கலாமா?" என்று கேட்டாள். இருக்கலாம்.

நான் சொன்னது சரியா என்று தெரிய மூன்று வருடம் ஆகும். நல்ல ஆசிரியைக்கு இடமாறுதல் வரலாம். காலியிடம் நிரம்பாமலே போகலாம். அதனால் வருடத்துக்கு ஒரு முறை போய் இதே ஏழையும் திரும்பப் பார்ப்பதாக அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

நம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பள்ளியின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். நம் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லால் யாரோ ஒருவர் ஜூன் மாதம் நகைக்கடன் வரிசையில் நிற்கிறார். கருத்துச் சொல்லத்தான் வேண்டும் என்றால், ஒருநாள் அவர்களோடு பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சங்கத்தின் தர்ம நிதியில் அந்தப் பள்ளிக்கு வரவேற்பு வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வளைவு வேண்டாம். ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் போதும் என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். பணத்தை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. அதன் வழியாகக் கொடுத்தால் ரசீதும் கணக்கும் இருக்கும்.

மூன்றாவது, நம்மில் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நான்கு பேர் இருக்கிறீர்கள். மாதம் இரண்டு நாள் ஆங்கிலம் வாசிக்க வைக்க வர முடியுமா? தலைமையாசிரியையும் மேலாண்மைக் குழுவும் சம்மதித்திருக்கிறார்கள். நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. ஆனால் என் ஆங்கிலம் கடன் விண்ணப்பப் படிவத்துக்கு மேல் போகாது. ஆகவே இரண்டாவது பெயர் சீக்கிரம் வர வேண்டும்.

பொங்கல் ஆறிவிடும்.