ஆலங்காட்டுச் செப்பேடும் கும்மிடிப்பூண்டிப் படிப்பகமும்

ஷிப்டு முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே!

கும்மிடிப்பூண்டி என்றதும் சிலருக்கு இரும்புக் கம்பியும் புகையும் கண்டெய்னர் லாரியும்தான் கண்ணில் படும். "அங்கே யாருக்கு ஐயா புத்தகம்?" என்று கேட்கிறார்கள். கேட்டவர் பெயரை இந்த மேடை சொல்லாது, உங்களுக்கே தெரியும். அவருக்கான பதில் 1905-லேயே வெளிப்பட்டுவிட்டது!

எங்கே? நம் மாவட்டத்துத் திருவாலங்காட்டில். ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு. முப்பத்தொரு ஏடுகள்; வடமொழியில் 271 பாட்டு, அப்புறம் தமிழ். பழையனூரை ஆலங்காட்டு ஈசனுக்குக் கொடுத்ததற்கான சாசனம் அது. நாலு வரியில் முடித்திருக்கலாம். முடித்தார்களா? சோழர் குலக் கதையையே பாடி வைத்துவிட்டார்கள்! ஆதித்தன் வீரபாண்டியனை வீழ்த்திய போர் அதில் உண்டு. கடல் தாண்டிக் கடாரம் போன படை உண்டு. குடிமக்கள் கூடி, "நீயே ஆள வேண்டும்" என்று, பின்னாளில் ராஜராஜனான அருள்மொழியைக் கேட்டார்கள். சிற்றப்பாவுக்கு ஆசை இருக்கும் வரை அரியணை வேண்டாம் என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். அதுவும் அந்தச் செம்பில் உண்டு!

கை தட்டுகிறீர்கள். எந்தக் கதை என்று தெரிந்துவிட்டது. 1950-ல் கல்கி தொடர்கதையாகத் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னுக்கு ஆதாரமான சான்றுகளில் ஆலங்காட்டுச் செப்பேடு தலையானது. வாளும் குதிரையும் சதியும் நிறைந்த அந்த நாவலின் விதை, புகை ஊர் என்று ஏளனம் செய்யப்படும் இந்த மாவட்டத்தில் கிடந்தது.

அந்தக் கதை 2022-ல் படமானபோது இசை யார்? ஏ.ஆர். ரகுமான். அவருடைய ஃபிலிம் சிட்டி எங்கே? இதே கும்மிடிப்பூண்டிப் பக்கம்!

1967-ல் திலீப்குமாராகப் பிறந்த பிள்ளை அவர். ஒன்பது வயதில் தகப்பனார் ஆர்.கே. சேகர் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பையன் கீபோர்டு வாசிக்கப் போனான். ராக் குழுக்களிலும் வாசித்தான். பிறகு ஒரு சூஃபிப் பெரியவரின் வழிகாட்டுதலில் குடும்பம் இஸ்லாத்தைத் தழுவியது. தங்கையின் ஜாதகம் பார்க்க அம்மா ஒரு ஜோசியரிடம் போனார். அப்துல் ரகுமான், அப்துல் ரகீம் என்று பையனுக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தவர் அந்த இந்து ஜோசியர்தான்!

மதம் மாறியவர் என்றதும் முகம் சுளிக்கிற ஐயாமார்களே, இந்த ஒரு சம்பவத்தை உட்கார்ந்து படியுங்கள். 2018-ல் கிருஷ்ணா திரிலோக் எழுதிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அதற்கு முன்பே நஸ்ரீன் முன்னி கபீர் அவரோடு உரையாடித் தொகுத்த நூல் இருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில் வந்தவை.

இங்கேதான் நெஞ்சு வலிக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒருவன் வருகிறான். இரவு ஷிப்டு முடித்த கண்ணோடு, நின்றபடி, செல்போனில் 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவனைப் படிக்கிறான். அவன் பெயர் எந்த மேடையிலும் வராது. மாலை வாங்காத அவன்தான் தமிழ் நாவலுக்குக் காவல். ஆலங்காட்டுச் செப்பேட்டைப் பார்க்க அவன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ரகுமானைப் பற்றிய அந்த இரண்டு நூல்களைப் படிக்க ஆங்கிலம் கற்க வேண்டும். இது நியாயமா?

ஆகவே இந்தக் கூட்டம் மூன்றைக் கேட்கிறது. செப்பேட்டின் நகலைத் தமிழ் விளக்கத்தோடு திருவாலங்காட்டில் வையுங்கள். அந்த இரண்டு நூல்களையும் தமிழில் மலிவு விலையில் கொண்டு வாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் ஒரு படிப்பகம் வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வருகிறவனுக்காக அது காலை ஆறு மணிக்கே திறந்திருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்!