கசியும் மின்சாரம்



கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வழியில், நக்கிள்ஸ் மலைச் சாரலில் உள்ளது எங்கள் ஹுன்னஸ்கிரிய. மழையும் மூடுபனியும் இங்கு விருந்தினரல்லர், வீட்டார். ஆதலால் வண்டியின் முன்கண்ணாடியிற் படியும் ஆவியைப் போக்கக் குளிரூட்டியை முடுக்குவது எங்கள் காலை வழக்கம். குளிரில் குளிரூட்டியா என்று நகைக்க வேண்டா; காற்றின் ஈரத்தை அகற்றுவது அதுவே.

பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் எனது பழைய ஹைபிரிட் காரின் நோய், அந்தப் பொத்தானை அழுத்திய ஒரு காலையிற்றான் வெளிப்பட்டது. சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. பாடசாலை வரை ஓடிய வண்டி, நிறுத்திய பின்னர் மீண்டும் இயங்க மறுத்தது. கராஜில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, "பி 0 ஏஏ 6" என்ற குறியைக் காட்டி, மின்கலவடுக்கையே மாற்ற வேண்டும் என்றனர். கேட்ட விலையோ என் பல மாதச் சம்பளம். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த நாட்டில், முதிய வண்டியை எறிந்துவிடவும் மனம் வருமா?

தெல்தெனியவில் தொழில் புரியும் என் பழைய மாணவனிடம் வண்டியை ஏற்றி அனுப்பினேன். "சேர், மின்கலம் செத்ததென்று இந்தக் குறி சொல்லவில்லை. எங்கோ மின்சாரம் கசிகிறதென்று மட்டுமே சொல்கிறது" என்றான் அவன்.

நான் கலைப் பட்டதாரி. அவன் விளக்கியதையே கூறுகின்றேன். பிரியஸ் வகைக் காரின் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். அதன் மின்கலவடுக்கில் 7.2 வோல்ட் கொண்ட 28 கூறுகள் தொடராக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. மோட்டாருக்கு அது 500 வோல்ட் வரை உயர்த்தப்படுகின்றது. சாதாரண 12 வோல்ட் மின்கலத்தின் மறைமுனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இவ்வுயர் மின்சாரத்தின் எம்முனையும் உடலைத் தொடலாகாது. தொட்டால், கதவைப் பிடிப்பவனுக்கும் ஆபத்து நெருங்கிவிடும். இதனை ஒரு கணினி ஓயாது காவல் புரிகின்றது.

கசிவு மின்கலவடுக்கில் இருக்கலாம். மோட்டாரின் சுருளில், செம்மஞ்சள் நிறக் கம்பிகளில், அன்றிக் குளிரூட்டியின் கம்பிரஸரில் இருக்கலாம். ஆம், இவ்வண்டிகளில் கம்பிரஸரும் உயர் மின்சாரத்தாலேயே சுழல்கின்றது. விளக்கு எப்பொழுது எரிந்தது என்று மாணவன் கேட்டது அதனாலேதான். கராஜில் அக்கேள்வியை எவரும் கேட்கவில்லை.

காப்புச் செருகியைக் கழற்றினான். தேக்கிகளில் எஞ்சிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் காத்திருந்தான். தடித்த இறப்பர்க் கையுறை அணிந்து, மின்னழுத்தம் அற்றதை அளந்து உறுதிசெய்த பின்பே கை வைத்தான். சாதாரண அளவி சில வோல்ட்டினால் மட்டுமே சோதிப்பதால் கசிவு அதற்குப் புலப்படாதாம். மயிரிழை வெடிப்புள்ள குடம் நீர் நிரம்பினாலன்றோ ஒழுகும்! 500 வோல்ட் செலுத்தும் காவற்சோதனைக் கருவியால் ஒவ்வொரு கிளையாகப் பிரித்துப் பார்த்தான். மின்கலவடுக்கு நலமே. கம்பிரஸர்க் கிளையே கசிந்தது.

காரணம் யாது? முன்னொருகால் வாயு நிரப்பியவர், இதற்குரிய எஸ்தர் வகை எண்ணெய்க்குப் பதிலாகச் சாதாரண வண்டிகளுக்கான கிளைக்கோல் வகை எண்ணெயைச் சேர்த்திருக்கிறார். அது மின்சாரத்தை ஓரளவு கடத்துவது. குழாய்களைக் கழுவி, வேறொரு வண்டியிற் கழற்றிய கம்பிரஸரைப் பொருத்தினோம். மின்கலவடுக்கின் விலையில் ஒரு பங்கே செலவாயிற்று.

ஆயினும் எனக்கு உறக்கம் கெட்டது பணத்தாலன்று. முதற் கராஜில், பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையன் ஒருவன், செருகியைக் கழற்றாமலே அந்தச் செம்மஞ்சள் கம்பியை வெறுங்கையாற் பற்றி அசைத்ததைக் கண்டிருந்தேன். 200 வோல்ட் நேரோட்டம் ஆளைக் கொல்லவல்லது என்பதை அன்று நானும் அறியேன். அருகில் நின்று வேடிக்கை பார்த்தேன். மறுவாரம் போய் அவனிடம் சொன்னேன். சற்றுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கையுறை என்ன விலை சேர்?" என்றான். மாணவனிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.