தூண்டிலும் குறிப்பேடும்



தூண்டிற்கோலைத் தோளில் சார்த்திக்கொண்டு ஆற்றங்கரைக்குப் புறப்படுகிறவனை வேலையற்றவன் என்று சொல்வது நம்மவர் வழக்கம். வலைஞர் மீன் பிடித்தால் அது தொழில். பிழைப்புக்கு வேறு வழி உள்ளவன் பிடித்தால் அது பைத்தியம். அந்தப் பைத்தியம் பிடித்த மூவர் நாங்கள். காவிரியும் பவானியாறும் கலக்கின்ற பவானிக் கூடுதுறைக்கு அருகே ஒரே தெருவில் பிறந்தோம். மூங்கில் கழியும் நூலும் நெட்டித் தக்கையும் மண்புழுவும் கொண்டு கெண்டை பிடிக்கக் கற்றோம். பள்ளிக்குப் போகாமல் அதைக் கற்றதற்காக வீட்டில் அடியும் வாங்கினோம்.

பிறகு உத்தியோகம் ஒருவரைக் கல்கத்தாவுக்கும், ஒருவரை டேராடூனுக்கும், ஒருவரைப் பெங்களூருக்கும் கொண்டு சேர்த்தது. பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, ஒருவர் இருக்கும் ஊருக்கு மற்ற இருவரும் போவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். போன இடத்தில் கோயில் பார்த்தோம், கடைவீதி பார்த்தோம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினோம். உண்மையில் பார்த்தது தண்ணீரைத்தான். ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். நாள், நீரின் நிறம், இரை, மீன், எடை என்று ஐந்து பத்திகள். எடையை ராத்தலில் எழுதுவது எங்கள் வழக்கம். நாடு கிலோவுக்கு மாறிப் பல்லாண்டு ஆன பின்னும் தூண்டில்காரர் பலர் ராத்தலை விடவில்லை.

முதலில் வங்காளத்தைச் சொல்லவேண்டும். தூண்டில் போடுகிறவனைப் பைத்தியம் என்று சொல்லாத நாடு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்காரருக்குப் பணம் கட்டி, சீட்டு வாங்கி, கரையிலிருந்து நீருக்குள் நீட்டிக் கட்டிய மூங்கில் பரணில் குடை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அலுவலகத்தின் பெரிய அதிகாரியும் அவருடைய கீழ்நிலை எழுத்தரும் அடுத்தடுத்த பரணில் இருப்பார்கள். அன்று யார் மீன் பிடித்தாரோ அவரே பெரியவர்.

அங்கே மீன் பிடிப்பது தண்ணீரில் தொடங்குவதில்லை, அடுப்பங்கரையில் தொடங்குகிறது. மீனை ஓரிடத்துக்கு வரவழைப்பதற்காக நீரில் எறியும் உணவுக்குச் ‘சார்’ என்று பெயர். பிண்ணாக்கு, வறுத்த வெந்தயம், மணமுள்ள வேர்கள், புளித்த பண்டங்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பாகம். வைத்தியர் மருந்தை மறைப்பதுபோல் அதை மறைத்து வைப்பார்கள். முள்ளில் குத்துவதற்கு முசுறு எறும்பின் முட்டையை ரொட்டியோடு பிசைந்துகொள்வார்கள். அந்த முட்டை கடையிலேயே விற்கும். நாங்கள் கொண்டுபோன மண்புழுவைக் கண்டு பக்கத்துப் பரண்காரர் வருந்தினாரே தவிர, சிரிக்கவில்லை. அவ்வளவு மரியாதை.

அந்தக் குளங்களில் நாங்கள் கற்றது ஆழக் கணக்கு. கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது. அது மேல்நீரில் மேய்கிறது. ரோகு நடுநீரில் மேய்கிறது. மிர்கால் அடிச்சேற்றைத் துழாவுகிறது. ஒரே குளம்தான், மூன்று மாடி வீடு போல. மயிலிறகுத் தண்டினால் செய்த மிதப்பை நூலில் ஒரு முழம் ஏற்றினால் ஒரு மீன், இறக்கினால் வேறொரு மீன். எங்கள் கல்கத்தா நண்பர் அன்றுமுதல் குறிப்பேட்டில் ஆறாவது பத்தியாக ஆழத்தையும் சேர்த்துக்கொண்டார். அவர் மரக்கறி உண்பவர். ஒன்பது ராத்தல் ரோகு ஒன்றைப் பிடித்து, மாடிவீட்டு வங்காளி அம்மையாருக்குக் கொடுத்தார். “தின்னாத மனிதர் எதற்காகப் பிடிக்கிறீர்கள்?” என்று அந்த அம்மாள் கேட்டார். நண்பருக்கு விடை தெரியவில்லை. ஆனால் தலையை மட்டும் தனியே எடுத்து அந்த அம்மாள் சமைத்த மணத்தை அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

டேராடூன் நண்பரின் ஊர் வேறு உலகம். குளத்தில் உட்கார்ந்து பழகிய எங்களை அவர் கங்கைக்கு அழைத்துப் போனார். தேவப்பிரயாகைக்குக் கீழே, வியாசகட்டத்தில், நயார் என்னும் சிறிய ஆறு கங்கையில் கலக்கிறது. கலங்கிய நீரும் தெளிந்த நீரும் ஒரு கோடு கிழித்தாற்போல் அருகருகே ஓடும் காலம் உண்டு. அந்தக் கோட்டருகே மஹசீர் இரை தேடிக் காத்திருக்கும். மழைக்காலத்தில் நயாற்றுக்குள் ஏறி முட்டையிடுகிற மீன் அது. பொன்னிறச் செதில், உள்ளங்கை அகலம். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள்ளே இருக்கும் பற்களால் நண்டை ஓட்டோடு நொறுக்கிவிடும்.

அங்கே இரை, கரண்டி வடிவமான ஓர் உலோகத் தகடு. நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசி இழுத்தால், சுழன்று மின்னி, அடிபட்ட சிறு மீன் போல் தோன்றும். இரண்டு நாள் வீசித் தோள் கழன்ற பிறகு மூன்றாம் நாள் காலையில் ஒரு மீன் கவ்வியது. கவ்விய கணத்தில் அது ஆற்றின் போக்கிலே ஓடத் தொடங்கியது. நூல் உருளை அலறியது. நாங்கள் மூவரும் கூழாங்கல் மேட்டில் அதன் பின்னே ஓடினோம். பதினெட்டு ராத்தல் மீன் மூன்று குடும்பஸ்தர்களை ஓட வைத்த காட்சியைக் கரையிலிருந்த ஆட்டிடையர் ஒருவர் பீடி அணைந்தது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஜிம் கார்பெட்டும் புலிகளைப் பற்றிய தம் நூலில் ஓர் அத்தியாயத்தை மஹசீருக்கே ஒதுக்கினார். புலிக்குப் பயப்படாதவர் ஏன் ஒரு மீனைக் கனவு கண்டார் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

டிரௌட் மீனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குலுப் பகுதியில் தீர்த்தன் ஆற்றில் அனுமதிச் சீட்டு வாங்கி நான்கு நாள் முயன்று, கையளவு மீன் இரண்டு பிடித்தோம். அழகான மீன், மெலிந்த தூண்டில், குளிர்ந்த கால்கள். ஆனால் அதன் வரலாறு கவனிக்கத்தக்கது. அது நம் நாட்டு மீன் அன்று. காஷ்மீரத்துக்காக இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய முதல் முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-இல் வந்தவை பிழைத்தன. நம் நீலகிரியில் பல முயற்சிகள் தவறிய பின், 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் டிரௌட்டை நிலைபெறச் செய்தார். மேட்டூர் அணையில் இன்று கொழுத்துத் திரியும் கட்லாவும் காவிரியில் பிறந்த குலமன்று, கொண்டுவந்து விடப்பட்டது. மனிதன் தனக்குப் பிரியமான மீனைத் தான் போகும் இடத்துக்கெல்லாம் கொண்டுபோகிறான். ஊறுகாய் ஜாடியோடு டில்லி ரயில் ஏறுகிற நமக்கு இதில் வியப்பு என்ன?

இந்த எண்ணத்தோடுதான் நாங்களும் ஒரு காரியம் செய்தோம். அதைச் சொல்லத்தான் இன்று வந்தோம்.

பெங்களூர் நண்பரின் முறை வரும்போதெல்லாம் நாங்கள் போன இடம் காவிரி. சிவசமுத்திர அருவிக்குக் கீழே, பீமேசுவரி, காலிபோரே என்னும் இடங்களில் ஆறு காட்டுக்குள் பாறைகளிடையே ஓடுகிறது. அங்கே இரை கேழ்வரகு. மாவைப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி, வேகவைத்து, பெரிய முள்ளை அதற்குள் புதைத்துவிடுவார்கள். பரிசலில் போய்ப் பாறைமேல் ஏறி, நூலை விரலில் பிடித்துக்கொண்டு இருட்டிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்க்கரையில் யானை நீர் குடிக்கும் ஓசை கேட்கும். பரிசல்காரர் எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து, தாழ்ந்த குரலில் பேசுவார். பிடித்த மீனை எடை பார்த்து உயிரோடு விட்டுவிடவேண்டும் என்பது அங்கே அந்நாளைய விதி. மரக்கறி நண்பருக்கு அப்போதுதான் அந்த வங்காளி அம்மாளுக்குச் சொல்ல ஒரு விடை கிடைத்தது.

அங்குள்ள மீன் காவிரிக்கே உரிய கூன் மஹசீர். கண்ணுக்கு மேலிருந்தே முதுகு கூனாக எழும். துடுப்புகளில் செம்மஞ்சள் சாயல் படர்ந்திருக்கும். மஹசீர் இனத்தில் இதுவே மிகப் பெரிது என்று சொல்லலாம். 1946-இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் கபினியாற்றில் பிடித்தது 120 ராத்தல், ஏறத்தாழ 54 கிலோ. கபினி காவிரியின் கிளை. மஹசீரைத் தமிழில் பொம்மீன் என்றும் பூமீன் கெண்டை என்றும் வழங்குவதுண்டு. பவானித் துறையில் எங்கள் பாட்டனார் பொம்மீன் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அணைகளாலும், வெடி வைத்து மீன் பிடிப்போராலும் அந்த மீன் அருகி வருகிறது என்று அன்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். கவலை நியாயமானது. 1970-களில் லோனாவ்லாவில் ஒரு பொரிப்பகத்தில் மஹசீர் குஞ்சுகளைப் பெருக்கும் வித்தை கைவந்தது. அந்தக் குஞ்சுகளை ஆறுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1983-இல் ஒரு மாலை, காவிரிக் கரையில், உயிர்க்காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகளில் விரல் நீளக் குஞ்சுகள் வந்திறங்கின. நாங்கள் மூவரும் முழங்கால் நீரில் இறங்கி, பையின் நீரும் ஆற்றின் நீரும் ஒரே சூடு ஆகும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொரு பையாக அவிழ்த்துவிட்டோம். குஞ்சுகள் கலைந்து போவதைப் பார்த்துக் கைதட்டினோம். ஏற்பாடு செய்தவர்கள் நல்லவர்கள். நாங்களும் நல்லதே செய்கிறோம் என்றிருந்தோம்.

அந்தக் குஞ்சுகள் மஹசீர்தாம். ஆனால் கூன் மஹசீர் அல்ல. கிருஷ்ணா ஆற்றுப் படுகைக்குரிய நீலத்துடுப்பு மஹசீர். மஹசீர் என்றால் மஹசீர் என்று அன்று எண்ணினோம்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்களுக்கு மீன் மிகுதியாகவே கிடைத்தது. மகிழ்ந்தோம். சற்றுச் சிறியவையாக இருக்கின்றனவே என்று ஒருவர் சொன்னதுண்டு. மற்ற இருவரும் அவருடைய வயதைக் கேலி செய்தோம். 2012-க்குப் பிறகு அந்தக் காட்டுப் பகுதியில் தூண்டில் போடுவது நின்றுபோயிற்று. அங்கே வந்து போனவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த பிடிப்புக் கணக்குகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். எண்ணிக்கையில் மஹசீர் பெருகியிருந்தது, பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு. கூன் மஹசீர் அநேகமாக இல்லாமலே போயிருந்தது. தூண்டில்காரர் பொழுதுபோக்காக எழுதியதைத் தவிர, இதைக் காட்ட வேறு ஆதாரம் மிகக் குறைவு.

இன்னொன்று கேளுங்கள். இவ்வளவு பெரிய மீனுக்கு அதுவரை அறிவியலில் உறுதியான பெயர்கூட இல்லை. காவிரியோடு சேரும் அமராவதியின் கிளையாகிய பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து டோர் ரெமாதேவி என்று ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். நம் மோயாற்றில் கிடைத்த கூன் மஹசீரை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று 2018-இல் தெளிந்தார்கள். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் ஏறியது. பெயர் வைத்த கையோடு கவலைக்கிடம். நீலத்துடுப்போ கவலைக்குரிய பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது.

மோயாறு பவானியாற்றில் கலக்கிறது. பவானியாறு எங்கள் கூடுதுறைக்கு வருகிறது. நாடெங்கும் அலைந்து தேடிய மீன், நாங்கள் அடி வாங்கிய படித்துறைக்கு மேலேதான் இன்னும் கொஞ்சம் மீந்திருக்கிறது. அங்கே தூண்டில் கொண்டுபோகும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

செய்தி அறிந்த பிறகு மூவரும் பெங்களூரில் கூடி, பழைய குறிப்பேடுகளைப் பரப்பி வைத்துப் படித்தோம். நாங்கள் பிடித்துவிட்டவற்றில் எவை கூன், எவை நீலத்துடுப்பு என்று பிரித்துவிடலாம் என்பது எண்ணம். நாள் இருந்தது; நீரின் நிறம் இருந்தது; இரையும் எடையும் இருந்தன. கல்கத்தா நண்பரின் ஏட்டில் ஆழமும் இருந்தது. துடுப்பின் நிறத்துக்கு ஒரு பத்தி வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. பக்கம் பக்கமாக மஹசீர், மஹசீர் என்றே எழுதியிருந்தோம்.

ஒரே ஒரு பதிவு மட்டும் வேறாக இருந்தது. 1981, பிப்ரவரி. டேராடூன் நண்பர் தம் பத்து வயது மகனை அம்முறை அழைத்து வந்திருந்தார். எங்கள் எழுத்துக்குக் கீழே, பென்சிலில், கோணல் மாணலான பிள்ளைக் கையெழுத்தில் இருந்தது: “38 ராத்தல். முதுகு ஒட்டகம் மாதிரி. துடுப்பு ஆரஞ்சுச் சுளை நிறம். அப்பா விட்டுவிட்டார்.”