மஞ்சள் தும்பி சிவப்பது ஏன்?

தோட்டத்துக் குளக்கரையில் மஞ்சள் தும்பியும் சிவப்புத் தும்பியும் பறப்பதைக் கண்டிருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு இனம் என்று எண்ணிவிடாதீர்கள். குரோகோதெமிஸ் செர்விலியா என்னும் தும்பியில் பெண்ணும் இளம் ஆணும் மஞ்சளே. முதிர்ந்த ஆண்தான் மிளகாய்ப் பழம்போல் சிவக்கிறது. உடலிலுள்ள நிறப்பொருள் வேதிமாற்றம் அடைவதே காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுங்கள். சிறகின் அடியில் தேன்நிறத் திட்டு தெரியும். மஞ்சள் தும்பியின் வயிறு தொடங்குமிடத்தில், கீழ்ப்புறம் சிறு புடைப்பு இருந்தால் அது ஆண். தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, கொசுவைத் தின்று நமக்கு உதவும் தும்பியின் வாலில் நூல் கட்டாதீர்கள். கட்டினால், சிவக்கும் நாளை அது காணாமலே போய்விடும்.