கொத்துக்கறி பாஸ்தா: 40 நிமிஷத்துல ராத்திரி சாப்பாடு

அசோக் நகர்லருந்து பேசுறேன். இன்னைக்கு டெக் இல்ல, சமையல்.

அசோக் பில்லரைச் சுத்தி இருக்கிற பேச்சிலர் வீடுகள்ல ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன நடக்கும்? ஆளாளுக்கு ஒரு ஆர்டர், ஆளாளுக்கு ஒரு டப்பா, ஆளாளுக்கு ஒரு நேரத்துல சாப்பாடு. ஏன் சமைக்கலன்னு கேட்டா, "எப்படிப் பண்ணாலும் அம்மா கை வராதுடா"ன்னு சொல்லுவாங்க. அது உண்மைதான். சாம்பார் வச்சா அம்மா சாம்பாரோட ஒப்பிடுவோம், தோத்துடுவோம்.

அதனாலதான் முதல் டிஷ்ஷா பாஸ்தாவைச் சொல்றேன். நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு அதுல ஒப்பிட அம்மா கை கிடையாது.

இத்தாலியில கதையே வேற. அங்க போலோன்யா ஊரோட கறி சாஸுக்குப் பேரு ரகூ. அது இப்படித்தான் இருக்கணும்னு, இத்தாலிய சமையல் அகாடமி 1982 அக்டோபர் 17-ல அந்த ஊர் வணிகச் சபையில செய்முறையைப் பதிவே பண்ணிருச்சு. 2023-ல அதைப் புதுப்பிச்சாங்க. அதுல பூண்டு கிடையாது, பால் வேணும்னா சேர்த்துக்கலாம், அடுப்புல மணிக்கணக்கா கொதிக்கணும். அது அவங்க அம்மா கை. நமக்கு அவ்ளோ நேரம் இல்ல, ஆனா குக்கர் இருக்கு.

என்ன வேணும்?

மூணு பேருக்கு: பாஸ்தா 300 கிராம், மட்டன் கொத்துக்கறி 350 கிராம், பெரிய வெங்காயம் 2, கேரட் 1, பூண்டு 6 பல், தக்காளி 4. மிளகுத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், உப்பு, எண்ணெய்.

கடையில ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, கறியைக் கழுவிட்டு அப்புறம் கொத்தித் தரச் சொல்லுங்க. கொத்தின பிறகு கழுவினா தண்ணி உள்ளயே நிக்கும், கறி வதங்காது, வேகத்தான் செய்யும். ரெண்டு, பாஸ்தா பாக்கெட்ல டியூரம் கோதுமைன்னு போட்டிருக்கான்னு பாருங்க. மைதா பாஸ்தா சீக்கிரம் குழைஞ்சிடும்.

எதை முதல்ல?

நம்ம பாஷையில சொன்னா, இதுல கிரிட்டிக்கல் பாத் கறிதான், பாஸ்தா இல்ல. பாஸ்தாவை முதல்ல வேகவச்சுட்டு சாஸுக்குக் காத்திருந்தா அது ஒட்டிக் கட்டியாயிடும்.

ஒரு அடுப்புல 3 லிட்டர் தண்ணி, 2 டீஸ்பூன் கல்லுப்பு போட்டு மூடி வைங்க. இன்னொண்ணுல குக்கர். எண்ணெய் காஞ்சதும் கொத்துக்கறியைப் பரப்பிப் போட்டு, பெரிய தீயில விடுங்க. சும்மா கிளறிட்டே இருக்காதீங்க. முதல்ல தண்ணி விடும், அது வத்தினதும் சத்தம் மாறும், கறி பழுப்பாகும். 10 நிமிஷம் ஆகும். ருசி வர்ற இடம் இதுதான், அவசரப்படாதீங்க.

அப்புறம் பொடியா நறுக்கின வெங்காயம், கேரட், பூண்டு. வதங்கினதும் தக்காளி, தூள், உப்பு. நாட்டுத் தக்காளின்னா புளிப்பு தூக்கும், ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்க. அரை டம்ளர் தண்ணி ஊத்தி மூடி, 5 விசில்.

குக்கரை அணைச்ச அந்த நிமிஷம் பாஸ்தாவைக் கொதிக்கிற தண்ணியில போடுங்க. பிரஷர் தானா இறங்குற நேரமும் பாஸ்தா வேகுற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பாக்கெட்ல போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்து, நேரா சாஸுல சேருங்க.

வடிக்கும்போது ஒரு கரண்டி தண்ணியை எடுத்து வைங்க. சோறு வடிச்ச கஞ்சி மாதிரிதான் அது. சாஸோட சேர்த்து ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டா, மாவுச்சத்து சாஸை பாஸ்தாவோட ஒட்ட வைக்கும். பாஸ்தாவைக் குழாய்த் தண்ணியில அலசினா அது போயிடும். மேல சீஸ் துருவிப் போட்டாலும் சரி, கொத்தமல்லி தூவினாலும் சரி. போலோன்யால யாரும் பார்க்கலை!

இதுல இன்னொரு லாபம் இருக்கு. கறியைத் தண்ணி வத்துற வரை வதக்கிப் பழகிட்டீங்கன்னா, வீட்டுக் கொத்துக்கறி வறுவல்ல பாதி உங்க கைக்கு வந்தாச்சு. மீதி, சோம்பு, கறிவேப்பிலை, மசாலா. அதை அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டுக்கலாம். "என்ன செய்யுறதுன்னே தெரியல"ன்னு கேக்குறதுக்கும், "கறி வதக்கிட்டேன், அடுத்து என்ன?"ன்னு கேக்குறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. ரெண்டாவது கேள்விக்கு அவங்களும் ஆர்வமா பதில் சொல்லுவாங்க.

முக்கியமா, பாஸ்தா ஆறினா நல்லா இருக்காது. அதனால வீட்ல இருக்கிற மூணு பேரும் ஒரே நேரத்துல உக்காந்துதான் ஆகணும். இந்த வாரம் ஒரு ராத்திரியாவது ட்ரை பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!